ஓசூருக்கு வேண்டியது ஒரு மண் பாதை

ஓசூருக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் "காலையில் நடப்பதற்கு எங்கே போகலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் கிடைக்கும். சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போங்கள். ராமநாயக்கன் ஏரிக் கரைக்குப் போங்கள். இரண்டும் தூரமென்றால் பக்கத்தில் இருக்கும் பள்ளி மைதானத்தைச் சுற்றி வாருங்கள். நான்காவதாக ஒரு பதில் கேட்டால், சொல்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெங்களூருக்குப் போனால் லால்பாக் இருக்கிறதே" என்பார்.

இது கொஞ்சம் விசித்திரமான நிலைமை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர் இது. சேலத்துக்காரரும் தருமபுரிக்காரரும் வெயிலில் வதங்கும் மாதங்களில்கூட இங்கே காலையில் குளிர்ந்த காற்று வரும். பக்கத்துத் தளிக்கு வெள்ளைக்காரன் காலத்தில் "குட்டி இங்கிலாந்து" என்று பெயரே வைத்தார்கள். நடப்பதற்கென்றே செய்து வைத்தது போன்ற தட்பவெப்பம். ஆனால் நடக்க இடமில்லை!

காடு இல்லாத ஊரா என்றால் அதுவும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பளவு 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம், கிருஷ்ணகிரி, தருமபுரி இரு மாவட்டங்களிலும் சேர்த்து 686 சதுர கிலோமீட்டர். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி என்று பெயர் சொன்னாலே காடுதான். ஆனால் அந்தக் காடு சாயங்காலம் வேலை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று போய் வருவதற்கான இடம் அல்ல. அப்படிப் போகவும் கூடாது.

காரணம் யானை. ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலம் முடிந்து கேழ்வரகு முற்றும் சமயத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் வருகின்றன. ஓசூர் – ராயக்கோட்டை சாலையில் இருக்கும் சானமாவுக் காடு வரை வந்து தங்குகின்றன. அந்த நாட்களில் வனத்துறையினர் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு எச்சரிக்கை விடுப்பார்கள். விறகு பொறுக்கவோ ஆடு மேய்க்கவோ காட்டுக்குள் போக வேண்டாம் என்பார்கள். பிழைப்புக்காகப் போகிறவர்களையே போகாதே என்று சொல்லும் இடத்துக்கு, உடம்பு இளைக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் போவது நியாயமாகுமா?

அதற்காகக் காட்டை யாரும் பார்க்கவே கூடாது என்று அரசும் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்து பலருக்கும் நினைவிருக்கும். மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் "ட்ரெக் தமிழ்நாடு" என்ற திட்டம் தொடங்கி, மாநிலம் முழுக்க 40 பாதைகளை அறிவித்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அய்யூர் – சாமி ஏரி, குத்திராயன் சிகரம் ஆகிய இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளன. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். வழிகாட்டிகளாகக் காட்டை அறிந்த உள்ளூர் பழங்குடி இளைஞர்களையே பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த வருமானம் அவர்களுக்குப் போவது நல்ல ஏற்பாடு. தாராளமாகப் பாராட்டலாம்.

ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டுமுறை போகிற பயணம். கட்டணம் இருக்கிறது, காட்டுத்தீ அபாயமுள்ள கோடைக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், போய் வர ஒரு முழு விடுமுறை நாள் வேண்டும். சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கு ஒரு விடுமுறை நாள் என்றால் ஒரு நாள் சம்பளம். அவருக்குத் தேவை மாதம் முப்பது நாளும் எட்டிப் போகக்கூடிய, காசு கேட்காத, யானை வராத ஒரு துண்டு இயற்கை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. நாளைக்கு அரைமணி நேர நடை. அதற்கு அய்யூர் வரை போக முடியுமா?

இங்கே "பூங்காக்கள்தான் இருக்கின்றனவே" என்று ஒரு குரல் வரும். இருக்கின்றன. கிருஷ்ணகிரி அணைப் பூங்கா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவல் வாசனையும் குழந்தைகள் கூட்டமுமாக அது ஒரு திருவிழா. கெலவரப்பள்ளி அணை ஓசூருக்கு மிகப் பக்கம். ஆனால் தென்பெண்ணை ஆறு நந்தி மலைப் பகுதியில் பிறந்து பெங்களூரின் ஓரமாக வரும்போது அந்த நகரத்தின் கழிவையும் சுமந்துகொண்டு வருகிறது. மழை பெய்து மதகு திறந்தால் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி நிற்பதைச் செய்திகளில் அடிக்கடி பார்க்கலாம். அந்த நாற்றத்தில் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நடைப்பயிற்சி செய்யச் சொன்னால் டாக்டரே வேண்டாம் என்பார்.

ஊருக்குள் இருக்கும் நகராட்சிப் பாணிப் பூங்காக்களின் கதை வேறு. அவற்றின் இலக்கணம் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். நுழைவாயிலில் ஒரு வளைவு. உள்ளே சிமெண்டில் செய்த மான், ஒட்டகச்சிவிங்கி. திறந்த அன்று மட்டும் ஓடிய நீரூற்று. "புல்லை மிதிக்காதே" பலகை. புல்லைச் சுற்றிப் பேவர் பிளாக் பதித்த நடைபாதை. அந்தப் பாதையில் நாற்பது சுற்று சுற்றுகிறவர் கைக்கடிகாரத்தைத்தான் பார்க்கிறார், மரத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க அங்கே மரமும் அதிகம் இல்லை; அழகுக்கு நட்ட குரோட்டன்ஸும் வெட்டி உருண்டையாக்கிய செடிகளும்தான்.

பேவர் பிளாக்கின் மேல் இவ்வளவு கோபம் எதற்கு என்று தோன்றலாம். காரணம் உண்டு. அது வெயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும். கீழே சிமெண்ட் கலவை போட்டுப் பதித்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும். மர வேர் பருத்து வரும்போது கற்கள் பெயர்ந்து கிளம்பும். உடனே குற்றவாளி மரம் என்று தீர்மானித்து மரத்தை வெட்டுவார்கள். மூட்டு வலிக்காக நடக்க வந்த ஐம்பது வயதுக்காரர் கெட்டியான தரையில் நடந்து அதே மூட்டு வலியோடு வீட்டுக்குப் போவார். மண் பாதையில் இந்தத் தொல்லை குறைவு. சரளை மண்ணைப் பரப்பி, கெட்டித்து, இரண்டு ஓரமும் மழைநீர் வடிய லேசான சரிவு கொடுத்தால் போதும். மழைக்குப் பிறகு அங்கங்கே அரித்துக்கொண்டு போகும். ஒரு மண்வெட்டியும் ஒரு கூடை மண்ணும் இருந்தால் சரிசெய்துவிடலாம். பெயர்ந்துபோன பேவர் பிளாக்கைச் சரிசெய்யவோ ஒரு டெண்டர் விட வேண்டும்! ஒருவேளை அதனால்தான் பேவர் பிளாக் எல்லோருக்கும் பிடித்திருக்கிறதோ என்னவோ.

ஆக, ஓசூருக்குத் தேவை இன்னொரு பூங்கா அல்ல. தேவைப்படுவது ஒரு சின்ன இயற்கைப் பூங்கா. உள்ளே நடக்க ஒரு மண் பாதை. அதைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்து மக்கள்.

எவ்வளவு சின்னது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து ஏக்கர் என்பது சுமார் 20,200 சதுர மீட்டர். அதைச் சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 142 மீட்டர். வேலியோரமாக ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 570 மீட்டர். அதே நிலத்தில் பாதையை நேராகப் போடாமல், பாறையைச் சுற்றி, குட்டையைச் சுற்றி, மரக்கூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வருமாறு வளைத்து வளைத்துப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே கிடைக்கும். மூன்று சுற்றுப் போனால் அன்றைய நடை முடிந்தது. பாதை வளைந்து போவதில் இன்னொரு லாபம், அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஐந்து ஏக்கர் நிலம் ஐம்பது ஏக்கர் போலத் தோன்றும்.

உள்ளே என்ன நடுவது என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. இந்த மண் எதை வளர்க்கும் என்பது மண்ணிலேயே எழுதியிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பாறையும் முட்புதரும் வறண்ட இலையுதிர் காடும் கலந்த பூமி. வேம்பு, புங்கன், உசில், ஆத்தி, கொன்றை, நுணா, ஓரமாக ஆவாரை, தண்ணீர் நிற்கும் இடத்தில் நீர்மருது, இடமிருந்தால் ஒரு ஆலமரம். இவற்றுக்கு முதல் இரண்டு மூன்று கோடைகளைத் தாண்ட வைத்தால் போதும், பிறகு தாமே பார்த்துக்கொள்ளும். நிலத்தில் ஏற்கெனவே பாறை இருந்தால் அதை வெடி வைத்து எடுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிரானைட்டுக்குப் பெயர்போன மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஒரு பாறை இருந்தால் ஓணான் வரும், அரணை வரும், வெயில் காய வரும் பாம்பும் வரும் (பயப்பட வேண்டாம், மனிதன் வரும் சத்தம் கேட்டால் முதலில் ஓடுவது அதுதான்). சூளகிரி அருகே மல்லச்சந்திரத்துக் குன்றில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் நிற்கின்றன. பாறைகளோடு சேர்ந்து வாழ்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

நிலத்துக்கு எங்கே போவது என்பதுதான் பெரிய கேள்வி. ஓசூரில் சதுர அடி விலையைக் கேட்டுவிட்டுப் பூங்காவைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்து ரியல் எஸ்டேட்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் நிலம் அவர்களிடமிருந்தே வர வேண்டும் என்பது சட்டம். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளிக்காக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மனை வாங்குகிறவர் பார்க்கும் வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்து "பார்க்" என்று போட்டிருப்பது இதைத்தான். ஐம்பது ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்குப் பதினைந்து ஏக்கர் போனாலும் மிச்சம் முப்பத்தைந்தில் மூன்றரை ஏக்கர் பொதுமக்களுக்கு வந்தாக வேண்டும். ஓசூரைச் சுற்றி பாகலூர் சாலை, தளி சாலை, ராயக்கோட்டை சாலை என்று எத்தனை மனைப்பிரிவுகள்! அத்தனையிலும் அந்தப் பச்சை வண்ணம் எங்கே?

பல ஊர்களில் அந்த இடத்துக்கு நேரும் கதி எல்லோருக்கும் தெரிந்ததே. முதலில் கட்டடக் குப்பை கொட்டுவார்கள். பிறகு யாரோ ஒருவர் வண்டி நிறுத்துவார். அடுத்து ஒரு தகரக் கொட்டகை. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் அங்கே பூங்கா இருந்ததாகச் சொல்ல வரைபடம் மட்டும் மிஞ்சும். மனை வாங்கியவர்களுக்கே தங்கள் வரைபடத்தில் உள்ள பச்சைக் கட்டம் தங்களுடையது என்ற எண்ணம் வருவதில்லை. தன் மனைக்கு அரை அடி குறைந்தால் சர்வேயரைக் கூப்பிடுகிற மனிதர், பொது நிலத்தில் ஒரு ஏக்கர் காணாமல் போனால் கண்டுகொள்வதில்லை. பத்திரத்தில் தன் பெயர் இல்லையே!

இன்னொரு பக்கம், "மத்திகிரி கால்நடைப் பண்ணையில்தான் அவ்வளவு இடம் இருக்கிறதே, அதைத் திறந்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. 1824-ல் கும்பினிக்காரர்கள் தொடங்கிய பண்ணை அது. ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கும் மேல். அதைக் கேட்பது தவறு. அங்கே மாடுகளுக்கும் தீவனத்துக்கும் வேலை இருக்கிறது. பெரிய இடத்தைப் பார்த்தவுடன் கைவைக்க நினைப்பதைவிட, சட்டப்படி ஏற்கெனவே கையில் இருக்கிற சின்னச் சின்னத் துண்டுகளைத் தேடி எடுப்பது நல்லது. 2019-ல் மாநகராட்சியான ஓசூர், தன் பெயரில் உள்ள திறந்தவெளி நிலங்கள் எத்தனை, எங்கே, எவ்வளவு என்ற பட்டியலை வார்டு வாரியாகப் பலகையில் எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது பணம். வணிகவியல் முதலாண்டுப் புத்தகத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டு வரும். இயந்திரம் வாங்குவது முதல் வகை. அதற்கு எண்ணெய் போடுவது இரண்டாம் வகை. பூங்காக்கள் சாவது முதல் வகைச் செலவு இல்லாததால் அல்ல. வேலி போட, வளைவு கட்ட, கல்வெட்டு பதிக்க எப்போதும் பணம் வந்துவிடும். காவலாளி சம்பளம், கோடையில் தண்ணீர் லாரி, உடைந்த குழாய், கழிப்பறை சுத்தம் என்று மாதாமாதம் வரும் செலவுக்குத்தான் ஆளில்லை. திறப்பு விழாவுக்கு ஒரு தலைவர் கிடைப்பார். கழிப்பறைக்குப் பினாயில் வாங்கும் விழாவுக்கு யார் வருவார்?

ஓசூருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 2013-ம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. தாங்கள் இயங்கும் உள்ளூருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய பெயர்கள் எத்தனையோ இருக்கும் ஊரில், ஒரு ஐந்து ஏக்கர் பூங்காவின் பத்து வருடப் பராமரிப்பு என்பது பெரிய தொகையே அல்ல. கேட்க வேண்டிய விதத்தில் கேட்க வேண்டும். "வளைவு கட்டித் தாருங்கள்" என்று கேட்காமல், "பத்து வருடத்துக்கு இரண்டு காவலாளிகளின் சம்பளத்துக்கு ஒரு வைப்பு நிதி போட்டுத் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். வளைவில் பெயர் வேண்டுமென்றால் காவலாளியின் சட்டையில் போட்டுக்கொள்ளட்டும்!

நுழைவுச்சீட்டு வைத்தால் என்ன என்பார்கள். ஆளுக்கு ஐந்து ரூபாய். நாளைக்கு நூறு பேர் வந்தால் ஐந்நூறு ரூபாய். சீட்டுக் கிழிப்பதற்குக் காலையிலும் மாலையிலும் ஓர் ஆளை உட்கார வைத்தால் அவர் கூலியே அந்த ஐந்நூறை விழுங்கிவிடும். மிச்சம் என்ன? ஐந்து ரூபாய் இல்லாத ஒரு பையன் வெளியே நின்றது மட்டும்தான் மிச்சம். அதைவிட, முடிந்தவர்கள் ஆண்டுச் சந்தா கட்டட்டும், முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மண் சுமக்கட்டும், இரண்டும் முடியாதவர்கள் சும்மா நடக்கட்டும்.

"எல்லோருக்கும் பொது என்றால் யாருக்கும் அக்கறை இருக்காது" என்பது பழைய வாதம். 1968-ல் கேரட் ஹார்டின் இதை மேய்ச்சல் நிலத்தை உதாரணம் காட்டிக் கட்டுரையாக எழுதினார். ஒவ்வொருவரும் ஒரு மாடு கூடுதலாக விடுவார்கள், கடைசியில் புல்லே இருக்காது என்றார். ஒன்று அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் தனியாருக்கு விற்க வேண்டும் என்று பலர் அதிலிருந்து முடிவு கட்டினார்கள். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் உலகம் முழுக்க மீன்பிடி நீர்நிலைகள், பாசனக் கால்வாய்கள், மலைக்காடுகள் ஆகியவற்றை ஆராய்ந்து, மக்கள் தாங்களே விதி வகுத்துப் பல தலைமுறைகளாகப் பொதுச் சொத்தைக் காப்பாற்றி வருவதைக் காட்டினார். 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். எல்லை தெளிவாக இருக்க வேண்டும், விதியை வகுப்பதில் பயன்படுத்துகிறவர்களுக்குப் பங்கு வேண்டும், கண்காணிப்பு வேண்டும், தப்புச் செய்தவருக்கு முதல் தடவை சின்னத் தண்டனை, மறுபடி செய்தால் பெரியது என்று படிப்படியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அவர் கண்டு சொன்னவை ஏதோ வெளிநாட்டுச் சரக்கு போலத் தோன்றலாம். நம்மூர்க் குடிமராமத்தும் நீர்க்கட்டியும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஏரி வாய்க்கால் தூர்வாராவிட்டால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் முறை தள்ளிப்போகும். யாரும் நோபல் கொடுக்கவில்லை, அவ்வளவே.

ஆஸ்ட்ரமின் ஆய்வு முறை ஓசூருக்குப் பக்கத்திலேயே பயன்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூர் ஏரிகளில் எது பிழைக்கிறது, எது சாகிறது என்பதைப் பற்றி ஹரிணி நாகேந்திராவும் ஆஸ்ட்ரமும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஆஸ்ட்ரம் 2012-ல் மறைந்த பிறகு 2014-ல் வெளிவந்தது. பாகலூர் வழியாகப் போனால் வரும் சர்ஜாபூர் சாலையில் இருக்கிறது கைகொண்டனஹள்ளி ஏரி. அக்கம்பக்கத்து மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து அதை மீட்டெடுத்தார்கள். இன்று சுற்றிலும் நடைபாதை, பறவைகள். ஜே.பி. நகரில் புட்டேனஹள்ளி ஏரி அதைவிடச் சின்னது, பதின்மூன்று ஏக்கர்தான். 2010-ல் அங்கே குடியிருப்பவர்கள் அறக்கட்டளை ஆரம்பித்துப் பராமரிக்கத் தொடங்கினார்கள். அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் முடிகிற காரியம் இந்தப் பக்கம் முடியாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஆனால் அந்தப் பெங்களூர் மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கலும் உண்டு. ஏரியைச் சுற்றி வேலி போட்டு அழகாக்கும்போது, அதற்கு முன் அங்கே மாடு மேய்த்தவர், துணி வெளுத்தவர், கீரை பறித்தவர் யாரும் உள்ளே வர முடியாமல் போகும் ஆபத்து இருக்கிறது. காலை நடைக்காரர்களின் வசதியே ஊரின் வசதி என்று ஆகிவிடும். ஓசூரில் குழு அமைத்தால் குடியிருப்போர் நலச்சங்கத்தில் உள்ள ஓய்வுபெற்ற அதிகாரிகள் மட்டும் அதில் உட்காரக் கூடாது. அந்த நிலத்தை ஒட்டி ஆடு வளர்ப்பவருக்கும், வடமாநிலத்திலிருந்து வந்து பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளிக்கும், தொழிற்சாலை விடுதியில் இருக்கும் பெண்ணுக்கும் அதில் இடம் வேண்டும். மழைக்குப் பிறகு வேலியோரப் புல்லை ஆட்டுக்காரர் அறுத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு விதி வைத்தால், கோடையில் காய்ந்த புல் தீப்பிடிக்கும் பயமும் குறையும். அறிவிப்புப் பலகையைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று நான்கிலும் எழுத வேண்டியிருக்கும். எழுதட்டுமே, இந்த ஊரின் டீக்கடையில் நான்கும்தான் பேசுகிறார்கள்.

அப்படிப்பட்டவர்கள் குழுவில் இருந்தால் முதல் கூட்டத்திலேயே வரப்போகும் சண்டை நேரத்தைப் பற்றியது. பூங்கா என்றால் காலை ஐந்து முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் எட்டு என்பது வழக்கம். அது ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேலை பார்க்கும் ஊருக்குச் சரி. ஓசூர் ஷிப்ட் ஊர். முதல் ஷிப்டுக்குப் போகிறவர் விடிவதற்கு முன்பே கம்பெனிப் பேருந்துக்கு நிற்க வேண்டும்; மதியம் மூன்று மணிக்கெல்லாம் அறைக்கு வந்துவிடுவார். அவர் நடக்க வரும் நேரம் பூங்கா பூட்டியிருக்கும். இரவு ஷிப்ட் முடித்து வருபவர் ஒன்பது மணிக்கு ஒரு மரத்தடியில் உட்காரலாம் என்று வந்தால் காவலாளி விசில் ஊதுவார். பகல் முழுக்கத் திறந்து வைப்பதில் அப்படி என்ன நஷ்டம்? மதியத்தில் திறந்தால் காதலர்கள் வருவார்கள் என்று ஒரு கவலை எல்லா ஊரிலும் உண்டு. வரட்டும். காதலர்கள் வந்து எந்த மரமும் பட்டுப்போனதாகத் தகவல் இல்லை.

இரவு விஷயம் அவ்வளவு சுலபமில்லை. இயற்கைப் பூங்கா என்றால் இரவில் இருட்டாக இருக்க வேண்டும். வவ்வாலுக்கும் ஆந்தைக்கும் விட்டில் பூச்சிக்கும் அதுதான் நல்லது. ஆனால் ஏழு மணிக்கு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். இதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் பெண்ணைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலியை ஒட்டிய வெளிச்சுற்றுப் பாதைக்கு மட்டும், தரையைப் பார்த்து விழுமாறு தாழ்வான விளக்குகள் போட்டு இரவு ஒன்பது வரை திறந்து வைக்கலாம். நடுவிலுள்ள மரக்கூட்டத்துக்குப் போகும் கிளைப்பாதைகளை ஆறரை மணிக்கு மூடிவிடலாம். சுற்றுச் சுவருக்குப் பதில் கம்பி வேலி இருந்தால் சாலையில் போகிறவர்களுக்கு உள்ளே நடப்பவர்கள் தெரிவார்கள். உயரமான சுவர் திருடனை விடப் பூங்காவுக்கு வருகிறவர்களைத்தான் அதிகம் பயமுறுத்துகிறது.

வேறு மாதிரியான உதாரணமும் தமிழ்நாட்டிலேயே உண்டு. சென்னையில் 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய 58 ஏக்கர். குப்பைமேடாக இருந்த சதுப்பை மீட்டது பெரிய சாதனைதான். ஆனால் பல ஆண்டுகளுக்கு அது பெரும்பாலும் முன் அனுமதி பெற்று வரும் மாணவர் குழுக்களுக்கான இடமாகவே இருந்தது. சதுப்பு நிலத்துக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையாக இருந்திருக்கலாம். மனைப்பிரிவு நடுவே இருக்கும் மூன்று ஏக்கருக்கு அது பொருந்தாது. அங்கே ஆள் நடமாட்டம்தான் காவல். நாலு பேர் தினமும் நடக்கிற இடத்தில் லாரியில் வந்து குப்பை கொட்ட எவனுக்கும் துணிச்சல் வராது.

முதல் வருடம் அதிகம் செய்ய வேண்டியதில்லை. தானப் பத்திரத்தைத் தேடி எடுத்து, சர்வேயரைக் கொண்டு நான்கு மூலைக்கும் கல் நட்டு, வேலி போட வேண்டும். மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு, அது தேங்கும் இடத்தில் குட்டை வெட்ட வேண்டும். பாதையையும் உடனே போடக் கூடாது. ஆறு மாதம் மக்களை அவர்கள் இஷ்டத்துக்கு நடக்கவிட்டால் புல்லின் மேல் ஒற்றையடித் தடம் தானாக விழுந்திருக்கும். எங்கே நிழலுக்கு ஒதுங்கினார்கள், எங்கே குறுக்கே புகுந்தார்கள் என்பது அதில் தெரியும். அந்தத் தடத்தின் மேல் சரளை மண்ணைக் கொட்டிக் கெட்டித்தால் போதும். மரக்கன்றுகளை ஐப்பசி மழையில் நட்டால் மாசி வரை தண்ணீர் லாரி தேவைப்படாது. பங்குனியில் தேவைப்படும், அந்தச் செலவை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.